இரண்டாம் முறை எழுதும் உரிமை



உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நன்றாக எழுதக் கற்றுக்கொள்வதற்குச் செயற்கை நுண்ணறிவு தரும் பின்னூட்டம் உதவுமா என்பது இன்றைய பேச்சின் பொருள். இதைப் பற்றி ஊரில் இரண்டு குரல்கள் பலமாகக் கேட்கின்றன. இனிமேல் பிள்ளைகளுக்குக் கட்டுரை ஆசிரியரே தேவையில்லை என்கிறது ஒரு குரல். பிள்ளைகள் எழுதுவதையே மறந்துவிடுவார்கள், பள்ளிப் பக்கமே அதை விடக்கூடாது என்கிறது இன்னொரு குரல். இரண்டுமே கருவியைப் பார்த்துப் பேசுகின்றன. நான் மாணவரின் கட்டுரை நோட்டைப் பார்த்துப் பேச விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகளில் ஒரு மாணவர் ஒரு கட்டுரையை ஒரே ஒருமுறைதான் எழுதுகிறார். எழுதியதை யாராவது ஊன்றிப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்க, அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அதே கட்டுரையை மறுபடி எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதில்லை. அந்த இரண்டாவது வரைவைக் கணினி வாங்கித் தருமானால் அதை வரவேற்போம். முதல் வரைவையே மாணவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுமானால் அதைத் தடுப்போம். நான் இன்று சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

கட்டுரை நோட்டில் என்ன நடக்கிறது

மாணவர் கட்டுரை எழுதிக் கொடுக்கிறார். ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து நோட்டு திரும்பி வருகிறது. நாலைந்து சொற்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பத்துக்கு ஆறு, 'பிழை தவிர்க்க' என்று ஒரு குறிப்பு, கையொப்பம், தேதி. மாணவர் தன் மதிப்பெண்ணைப் பார்க்கிறார், பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணையும் பார்க்கிறார், நோட்டை மூடிவிடுகிறார். பிழைத்திருத்தம் என்று ஒரு பழக்கம் உண்டு. தவறாக எழுதிய சொல்லை ஐந்து தடவை எழுத வேண்டும். அதனால் அந்தச் சொல் திருந்தும். அந்தக் கட்டுரையின் எண்ணம் திருந்துவதற்கு அதில் இடமே இல்லை.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லலாகாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 40 மாணவர்கள் என்றால் 160 நோட்டுகள். ஒரு கட்டுரையைப் படித்து, யோசித்து, பயனுள்ள இரண்டு வரி எழுதப் பத்து நிமிடம் ஆகும் என்று வையுங்கள். 1,600 நிமிடங்கள். ஏறத்தாழ 27 மணி நேரம். அது ஒரே கட்டுரைக்கு, ஒரே வரைவுக்கு. இரண்டாவது வரைவையும் படிக்கச் சொன்னால் அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போவதும் தூங்குவதும் எப்போது? அக்கறை நிறைந்த ஆசிரியரையும் இந்தக் கணக்கு தோற்கடித்துவிடும்.

நேரம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. எழுதும் குறிப்பு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். நான்சி சொம்மர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய 35 ஆசிரியர்கள் மாணவர் கட்டுரைகளில் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்து 1982-இல் கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான குறிப்புகளை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து இன்னொரு கட்டுரையில் ஒட்டினாலும் பொருந்தும் என்று அவர் கண்டார். 'தெளிவாக எழுது', 'விரிவாக எழுது' என்பன போன்றவை. மாணவர் தாம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறார் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார் என்பதும் அவர் கண்டது. அதே ஆய்வில் ஒரு மாணவர் கட்டுரையைப் பெல் ஆய்வகம் உருவாக்கிய ஒரு கணினி நிரலுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கணினியின் குறிப்புகள் நிதானமான மொழியில் இருந்தன. ஆசிரியர்களின் குறிப்புகளில் கடுமை தெரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பு வெளிவந்த இந்தக் கட்டுரையை ஆசிரியப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மனிதர் எழுதினார் என்பதாலேயே ஒரு குறிப்பு மனிதத்தன்மை உடையதாகிவிடாது என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

மதிப்பெண் போட்ட கணினிகள்

கணினியிடம் கட்டுரையைக் கொடுக்கும் எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1966-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்லிஸ் பேஜ், கணினி கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடும் காலம் நெருங்கிவிட்டது என்று எழுதினார். அவர் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். கட்டுரை நோட்டுகளின் சுமையைத் தோளில் உணர்ந்தவர். அவருடைய நிரலுக்குக் கட்டுரையின் பொருள் தெரியாது. கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்றவற்றை எண்ணும். அப்படி எண்ணிப் பெற்ற மதிப்பெண் ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்ணோடு பெரிதும் ஒத்துப்போயிற்று. நன்றாக எழுதுகிறவர்கள் சற்று நீளமாகவும் எழுதுகிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

1999 முதல் மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வின் கட்டுரைகளுக்கு ஈ-ரேட்டர் என்ற நிரல் மனிதத் தேர்வாளரோடு சேர்ந்து மதிப்பெண் போடத் தொடங்கியது. 2012-இல் ஹியூலெட் அறக்கட்டளை, பள்ளி மாணவர் கட்டுரைகளுக்கு மனிதரைப் போலவே மதிப்பெண் போடும் நிரல்களுக்கு மொத்தம் 1,00,000 டாலர் பரிசு என்று போட்டி வைத்தது. இந்தப் போக்கை விடாமல் எதிர்த்தவர் எம்ஐடியில் எழுத்துக் கல்வித் திட்டத்தை நடத்திய லெஸ் பெரல்மன். அவரும் சில மாணவர்களும் 2014-இல் 'பேபல்' என்று ஒரு நிரல் செய்தார்கள். இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தால் போதும், பொருளே இல்லாத, ஆனால் கடினமான சொற்களும் நீண்ட வாக்கியங்களும் நிறைந்த கட்டுரையை அது உடனே எழுதித் தள்ளும். அந்தக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் இயந்திரங்கள் உயர்ந்த மதிப்பெண் கொடுத்தன.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் கணினியிடம் கேட்கப்பட்டது மதிப்பெண். எழுதுகிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. மதிப்பெண் கட்டுரையை முடித்து வைக்கிறது. பின்னூட்டம் கட்டுரையைத் திறந்து வைக்க வேண்டும்.

இங்கே இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்து 1988-இல் வெளியிட்டார். அதில் தரப்பட்ட பணிகள் கட்டுரைகள் அல்ல. சொல் அமைத்தல், பலவாறு சிந்தித்தல் போன்ற பயிற்சிகள். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும் கிடைத்தது. இன்னொரு குழுவுக்குக் குறிப்பு மட்டும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களின் திறனும் ஆர்வமும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்துவிட்டார்கள். பக்கத்திலேயே மதிப்பெண் நின்றால் குறிப்பு கண்ணில் படுவதில்லை. 1996-இல் குளூகர், டெனிசி என்ற இருவர் பின்னூட்டம் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சமயங்களில் பின்னூட்டம் செயல்திறனைக் குறைத்திருந்தது. செய்யும் வேலையின் மீது இருக்க வேண்டிய கவனம், 'நான் கெட்டிக்காரனா, மக்கா' என்ற கேள்விக்குத் திரும்பும்போது இந்தக் கெடுதல் நேர்கிறது. ஆகவே பின்னூட்டம் என்றாலே நல்லது என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

இன்றைய கருவி என்ன செய்கிறது

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நிலைமை மாறியது. சாட்ஜிபிடி போன்ற புதிய மொழி மாதிரிகள் மாணவருடைய வாக்கியத்தை எடுத்து, அதைப் பற்றியே பேசுகின்றன. அவை தரும் பின்னூட்டம் எவ்வளவு நல்லது? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து 2024-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். பள்ளி மாணவர்கள் வரலாற்று ஆதாரங்களைப் படித்து எழுதிய வாதக் கட்டுரைகள் 200. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற கல்வியாளர் ஒருவரின் பின்னூட்டம். அதே கட்டுரைக்குச் சாட்ஜிபிடியின் பின்னூட்டம். துல்லியம், எதை முதலில் திருத்த வேண்டும் என்ற தேர்வு, எப்படித் திருத்துவது என்ற தெளிவு, ஊக்கும் தொனி ஆகிய நான்கிலும் மனிதர்கள் முந்தினார்கள். கொடுத்த அளவுகோலை ஒட்டிப் பேசுவதில் மட்டும் கணினி சற்று முன்னே நின்றது. ஆனால் இடைவெளி பெரிதாக இல்லை. ஆசிரியர் கிடைக்காத சமயத்திலும் ஆரம்ப வரைவுகளிலும் இது பயன்படலாம் என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

ஜெர்மனியில் ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிக்கும் 459 மேல்நிலை மாணவர்களிடம் நடந்த ஆய்வும் 2024-இல் வெளிவந்தது. எல்லோரும் ஒரு வாதக் கட்டுரை எழுதினார்கள். ஒரு பகுதியினர் செயற்கை நுண்ணறிவின் பின்னூட்டத்தைப் படித்துவிட்டுத் திருத்தினார்கள். மற்றவர்கள் எந்தப் பின்னூட்டமும் இல்லாமல் திருத்தினார்கள். பின்னூட்டம் பெற்றவர்களின் திருத்திய வரைவு மேலாக இருந்தது. ஆனால் முன்னேற்றம் சிறியது. எழுதும் ஆர்வத்திலும் மனநிலையிலும் கிடைத்த பயன் அதைவிடச் சற்றுக் கூடுதல். எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது அதன் அமைப்பு. ஒப்பிடப்பட்ட இரண்டு தரப்பினருக்கும் திருத்தி எழுத நேரம் தரப்பட்டது. அந்த நேரம் இல்லாத வகுப்பில் எந்தப் பின்னூட்டமும், ஆசிரியருடையதானாலும் கணினியுடையதானாலும், போய்ச் சேர இடமின்றிக் காகிதத்தோடு நின்றுவிடும்.

மூன்றாவதாக ஓர் எச்சரிக்கை. அது கணிதத்திலிருந்து வருகிறது. ஆனாலும் நமக்கு மிகவும் வேண்டியது. துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ 1,000 மாணவர்களிடம் நடந்த ஆய்வு. சாதாரண அரட்டைக் கருவியைப் பயன்படுத்திய மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். ஆனால் விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வடிவமைத்த குறிப்புகளை மட்டும் தரும்படி கட்டுப்படுத்திய கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த இழப்பு பெரும்பாலும் நேரவில்லை. உள்ளே இருந்தது ஒரே இயந்திரம். அதனிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்த இடத்தில் கற்றல் காப்பாற்றப்பட்டது.

ஏரியும் மதகும்

இதை நம் வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். 'எங்கள் ஊர் ஏரி' என்று பத்தாம் வகுப்பில் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கத்துக்காக ஒரு மாணவரின் பத்தியைக் கற்பனை செய்கிறேன்:

'எங்கள் ஊர் ஏரி மிகவும் அழகானது. நீர் மனிதனுக்கு இன்றியமையாதது. முன்பு ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. இப்போது இல்லை. மக்கள் குப்பை கொட்டுகிறார்கள். போன வருசம் நல்லா மழை பேஞ்சும் ஏரி நிரம்பல, மதகு ஒடஞ்சு கெடக்குனு தாத்தா சொன்னாரு. நீர்நிலைகளைக் காப்பது நமது கடமை.'

சிவப்பு மை எங்கே விழும்? ஆறாவது வாக்கியத்தில்தான். பேஞ்சும், ஒடஞ்சு, கெடக்கு, சொன்னாரு எல்லாவற்றுக்கும் வட்டம். மற்ற ஆறு வாக்கியங்களும் பிழையின்றித் தப்பிவிடும்.

இதே பத்தியைக் கணினியிடம் கொடுத்து 'திருத்திக் கொடு' என்றால் என்ன வரும்? நீர்நிலைகள் வாழ்வின் ஆதாரம், முன்னோர் ஏரிகளைப் போற்றினர், நகரமயமாதலால் அவை அழிகின்றன, அனைவரும் கைகோத்துக் காப்போம் என்று வழுவழுப்பாக ஒரு பத்தி வரும். எழுத்துப்பிழை குறைந்திருக்கும். மதகு காணாமல் போயிருக்கும். தாத்தாவும் காணாமல் போயிருப்பார். அந்த இயந்திரம் வேலை செய்யும் முறையிலேயே இதற்குக் காரணம் இருக்கிறது. கோடிக்கணக்கான பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து அது எழுதுகிறது. பலரும் நடந்த தடத்தின் பக்கமே அது சாயும். நாற்பது மாணவர்களின் கட்டுரையையும் திருத்திக் கொடுக்கச் சொன்னால் நாற்பது ஏரிகளும் ஒரே ஏரியாகிவிடும். கைடு புத்தகம் பார்த்து எழுதும் பழக்கத்தோடு நாம் பல தலைமுறைகளாகப் போராடுகிறோம். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகக் கைடு எழுதித் தரும் ஒன்றை நாமே வகுப்புக்குள் அழைத்து வரக்கூடாது.

இப்போது நல்ல பின்னூட்டம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். 'உங்கள் பத்தியில் ஏழு வாக்கியங்கள் இருக்கின்றன. ஆறு வாக்கியங்கள் எந்த ஊர் ஏரிக்கும் பொருந்தும். ஆறாவதாக வரும் வாக்கியம் உங்கள் ஊருக்கு மட்டுமே உரியது. மதகு உடைந்தால் மழை பெய்தும் ஏரி ஏன் நிரம்புவதில்லை? அதைப் படிப்பவருக்கு விளக்க முடியுமா? தாத்தாவிடம் இன்னும் என்ன கேட்கலாம்?' இந்தச் சில வரிகள் அந்த மாணவரை எழுந்து ஏரிக்கரைக்குப் போகச் செய்யும். தாத்தாவின் பக்கத்தில் உட்காரச் செய்யும். திரும்பி வந்து அவர் எழுதும் இரண்டாவது வரைவில் மதகும் வாய்க்காலும் கடைமடையும் வரும். 'பேஞ்சும்' என்பது 'பெய்தும்' ஆகிவிடும். அது சின்ன வேலை. தாத்தாவின் பேச்சை மேற்கோள்குறிக்குள் அப்படியே வைக்கலாம் என்று அவர் கற்றுக்கொண்டால் இன்னும் சிறப்பு.

இப்படிக் கேள்வி கேட்கும்படி இன்றைய கருவிக்குச் சொல்ல முடியும். ஆனால் நாம்தான் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் இப்போதே எழுதிக்கொள்ளும்படி ஓர் அறிவுறுத்தலை வாசிக்கிறேன்:

'பத்தாம் வகுப்பு மாணவர் எழுதிய முதல் வரைவு இது. எந்த வாக்கியத்தையும் மாற்றி எழுதிக் கொடுக்காதே. மாதிரிப் பத்தியும் கொடுக்காதே. மதிப்பெண் போடாதே. இந்தக் கட்டுரையில் இவருக்கு மட்டுமே உரிய செய்தி எது என்று ஒரு வாக்கியத்தை அவருடைய சொற்களிலேயே எடுத்துக் காட்டு. படிப்பவருக்கு விளங்காத இடங்கள் இரண்டைச் சொல்லி, இடத்துக்கு ஒரு கேள்வி கேள். திரும்பத் திரும்ப வரும் பிழைவகை ஒன்றை மட்டும் சுட்டு. திருத்தத்தை அவரே கண்டுபிடிக்கட்டும். எளிய தமிழில் நூறு சொல்லுக்குள் முடி.'

இதில் 'ஒன்று', 'இரண்டு' என்ற வரம்புகள் முக்கியமானவை. கணினிக்குக் களைப்பில்லை. கேட்டால் முப்பது குறை சொல்லும். முப்பதையும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் முன் கொட்டினால் அந்தப் பிள்ளை பேனாவை வைத்துவிடும்.

தமிழுக்கு இருக்கும் தனிச் சிக்கல்கள்

மேலே சொன்ன ஆய்வுகளில் கட்டுரை எழுதுவதைப் பற்றியவை எல்லாம் ஆங்கிலக் கட்டுரைகளைப் பற்றியவை. இந்தக் கருவிகள் பயின்ற எழுத்தில் ஆங்கிலமே மிகப் பெரும் பகுதி. தமிழின் பங்கு மிகச் சிறிது. ஆகவே அங்கே கிடைத்த பயன் இங்கேயும் அப்படியே கிடைக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலாவது ஒற்று. வலி மிகும் இடம், மிகா இடம் பற்றி இந்தக் கருவிகள் உறுதியான குரலில் தவறான விதி சொல்லக்கூடும். சந்தி விதிகளையும் சொல் வடிவங்களையும் ஆராய்வதற்கென்றே தமிழில் தனிக் கருவிகள் உள்ளன. நீச்சல்காரன் உருவாக்கிய 'நாவி' சந்திப்பிழைகளைக் காட்டுகிறது. அவருடைய 'வாணி' எழுத்துப்பிழைகளைக் காட்டுகிறது. ஒற்றும் எழுத்தும் பார்க்கும் வேலையை அவற்றிடம் கொடுத்துவிட்டு, கேள்வி கேட்கும் வேலையை மொழி மாதிரியிடம் கொடுப்பது நல்ல பங்கீடு. அப்போதும் இறுதிச் சொல் இலக்கணம் அறிந்த ஆசிரியருடையது.

இரண்டாவது மேற்கோள். நம் மாணவர்கள் கட்டுரையில் குறளும் பாடல் வரியும் சேர்க்க விரும்புவார்கள். பொருத்தமான குறள் ஒன்று சொல் என்று கேட்டால், இல்லாத குறளைக்கூட இந்த இயந்திரம் எண்ணோடு எழுதித் தரக்கூடும். மேற்கோளை மூலநூலில் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்பதை வகுப்பின் விதியாக்கிவிடுங்கள்.

மூன்றாவது வட்டாரச் சொல். மதகை ஓர் ஊரில் மடை என்பார்கள். ஏரியைத் தென் மாவட்டங்களில் கண்மாய் என்பார்கள், குளம் என்பார்கள். நம் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் இந்தச் சொற்களைப் பிழை என்று கருவி சொல்லும்போது, அது பிழையன்று, உன் ஊர்ச் சொத்து என்று சொல்ல ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும்.

வகுப்பில் எப்படிச் செய்வது

நான் பரிந்துரைக்கும் வரிசை எளிமையானது. முதல் வரைவை மாணவர் வகுப்பில் கையால் எழுத வேண்டும். அப்போது எந்தக் கருவியும் கூடாது. எழுதுவது என்பது யோசிப்பது. அந்த யோசனை அவருடையதாக இருக்க வேண்டும். எழுதி முடித்ததும், தமக்கே ஐயம் இருக்கும் இடத்தில் ஒரு கோடிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுத வேண்டும். பிறகு பின்னூட்டம். கணினி ஆய்வகம் இருக்கும் பள்ளியில் அங்கே தட்டச்சு செய்து பெறலாம். இல்லாத பள்ளியில், பெயர் நீக்கிய நாலைந்து கட்டுரைகளை ஆசிரியரே உள்ளிட்டு, வரும் கேள்விகளை வகுப்பின் முன் வாசித்து, 'இந்தக் கேள்வி யாருடைய கட்டுரைக்கெல்லாம் பொருந்துகிறது' என்று பேசவைக்கலாம். இருவர் இருவராக நோட்டை மாற்றிப் படித்து, நான் வாசித்த அறிவுறுத்தலில் உள்ளதையே ஒருவருக்கொருவர் செய்துகொண்டால் மின்சாரம்கூட வேண்டியதில்லை.

அடுத்ததுதான் இதன் உயிர்நாடி. கணினி சொன்ன ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே மாணவர் 'ஏற்கிறேன்' அல்லது 'ஏற்கவில்லை' என்று எழுதி, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'ஏற்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் இதை இப்படித்தான் சொல்வோம்' என்று ஒரு மாணவி எழுதினால், அவள் எழுத்தாளராகத் தொடங்கிவிட்டாள் என்று பொருள். இதற்குப் பிறகு இரண்டாவது வரைவு. ஆசிரியர் இரண்டு வரைவையும், இடையில் உள்ள அந்த ஓரக் குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கிறார். மதிப்பெண் வேண்டுமென்றால் கடைசியில், இரண்டாவது வரைவுக்கு மட்டும்.

சொம்மர்ஸ் 1980-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் இதை வலியுறுத்துகிறது. மாணவர்கள் திருத்தும்போது சொல்லை மாற்றுகிறார்கள். தேர்ந்த எழுத்தாளர்கள் திருத்தும்போது தங்கள் வாதத்தின் வடிவத்தைத் தேடுகிறார்கள் என்று அவர் கண்டார். சொல் மாற்றுவதிலிருந்து வடிவம் தேடுவதற்கு ஒரு பிள்ளையை நகர்த்துவதுதான் கட்டுரை வகுப்பின் வேலை.

சில கேள்விகள்

பிள்ளைகள் வீட்டில் முழுக் கட்டுரையையும் கணினியிடம் வாங்கி எழுதிவந்தால் என்ன செய்வது என்று பெற்றோர் கேட்கிறீர்கள். அதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்ப வேண்டாம். ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை 'இயந்திரம் எழுதியது' என்று தவறாகக் குற்றம்சாட்டின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு நிறுத்திவிட்டது. எளிய சொற்களில் எழுதும் பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிடும் கருவி நமக்கு வேண்டாம். வகுப்பில் கையால் எழுதிய முதல் வரைவும் ஓரக் குறிப்புகளும் கையில் இருந்தால் சந்தேகத்துக்கே வேலை இல்லை.

பிள்ளைகளின் எழுத்து எங்கே போகிறது என்ற கேள்வியும் நியாயமானது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒரு பிள்ளை கட்டுரையில் வீட்டுத் துயரத்தை எழுதியிருக்கலாம், அப்பாவின் குடியை எழுதியிருக்கலாம். அந்தக் கட்டுரை கணினிக்குப் போகவே கூடாது. அதை ஆசிரியர் மட்டுமே படித்து, அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். ஆசிரியரின் இடத்தை இயந்திரம் பிடித்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கும் இதுவே என் விடை. ஒருவர் நம்பி எழுதியதை இன்னொருவர் படித்தார், மனத்தில் வாங்கினார் என்ற உறவு இல்லாமல் எந்தப் பிள்ளையும் எழுதக் கற்றதில்லை. பிழைவட்டம் போடும் நேரத்தை ஆசிரியருக்கு மிச்சப்படுத்திக் கொடுத்து, அந்த உறவுக்கு அவரை விடுவிப்பதற்கே கருவி.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியர்களே, இந்தப் பருவத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதவையுங்கள். கருவி கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். பெற்றோர்களே, பிள்ளையின் நோட்டைத் திறக்கும்போது எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், முதல் வரைவிலிருந்து எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கேளுங்கள். கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இது: மேல்நிலை வகுப்புகளின் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. மொழிப்பாடத்தில் அதன் ஒரு பகுதியை இரண்டாம் வரைவுக்கு ஒதுக்குங்கள். பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத்தில் ஒருமுறை எழுதுவதற்கு மதிப்பெண் உண்டு. எழுதியதைத் தானே கேள்வி கேட்டு மேம்படுத்துவதற்கு இன்று எங்கும் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத எதற்கும் நம் பள்ளியில் நேரம் கிடைப்பதில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

தன் எண்ணத்தைத் தானே திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்ளத் தெரிந்த ஒருவரை எந்த மேடைப் பேச்சும் எந்த விளம்பரமும் எந்த இயந்திரமும் எளிதில் ஏமாற்ற முடியாது. எழுத்துப் பயிற்சியின் பெரும் பயன் அதுதான். அந்தப் பயிற்சி வசதியுள்ள சில பள்ளிகளின் சலுகையாக இருந்துவிடாமல், நம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டிய உரிமையாக வேண்டும். அதற்கு உதவும் அளவுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்துவோம்; அந்த அளவை நாமே தீர்மானிப்போம்.